மூளையைத் திறக்குமுன் வாயைத் திறப்போம்

வலிப்பு நோய்க்குச் சத்திர சிகிச்சை உண்டு என்று எங்கள் தெரணியகலையில் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பேர் நம்புவார்கள், நம்பியதாலேயே பயப்படுவார்கள். "மூளையைத் திறக்கிறதா? வேணாம் மகள், மருந்தையே குடிச்சிட்டு இருக்கட்டும்" என்பார்கள். இந்த இரு சாராருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. சத்திர சிகிச்சைக்கு ஆகும் நேரம் சில மணித்தியாலங்கள்தான். அதற்கு முன்னர் நடக்கும் பரிசோதனைகளுக்கு மாதங்கள் ஆகலாம். எழுந்தமானமாக யாருடைய மூளையிலும் எந்த வைத்தியரும் கைவைப்பதில்லை. நான் எழுத வந்தது அந்தப் பரிசோதனைகளைப் பற்றி. குறிப்பாக, அவற்றுள் முதலாவது பரிசோதனையில் நமது குடும்பங்கள் தாமாகவே தோற்றுப்போவதைப் பற்றி.

வலிப்பு வந்த எல்லோருக்கும் சத்திர சிகிச்சை தேவைப்படுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 525 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 3 இல் 2 பங்கினருக்கு மருந்தோடு வலிப்பு நின்றுவிட்டது. பெரும்பாலானோருக்கு முதல் மருந்திலேயே நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் கொஞ்சப் பேருக்கு. அதற்குப் பிறகு மாற்றி மாற்றிக் கொடுத்து நின்றவர்கள் மிகச் சிலர். இப்படியான முடிவுகளை வைத்துத்தான், சரியாகத் தெரிவுசெய்த இரண்டு மருந்துகளை ஒழுங்காகக் குடித்தும் நிற்காத வலிப்பை "மருந்துக்கு அடங்காத வலிப்பு" என்று கொள்ளலாம் என 2010 இல் சர்வதேச வைத்தியர்கள் வரையறுத்தார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்த ஒருவர் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மருந்தென்று வருடங்களைக் கழிக்கக் கூடாது. சத்திர சிகிச்சைக்குப் பொருத்தமானவரா என்று அவரைப் பார்க்க வேண்டும்.

பார்த்தால் என்ன கிடைக்கும்? கனடாவில் 80 நோயாளிகளைக் கொண்டு செய்து 2001 இல் வெளியான ஆய்வில், பாதிப் பேரைச் சத்திர சிகிச்சைக்கும் பாதிப் பேரை மருந்துக்கும் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஒரு வருடத்தின் பின் சத்திர சிகிச்சைப் பக்கத்தில் 58 சதவீதமானோர் நினைவை இழக்கச் செய்யும் வலிப்பின்றி இருந்தார்கள். மருந்துப் பக்கத்தில் 8 சதவீதம். புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனம் 116 பிள்ளைகளைக் கொண்டு செய்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பெரியது: 77 சதவீதமும் 7 சதவீதமும். இந்த எண்களை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வரும் மாமிமாரிடம் சொல்வதற்காக.

ஆனால் இந்த எண்களுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. வலிப்பு மூளையின் ஓர் இடத்தில் தொடங்குவதாக இருக்க வேண்டும். அந்த இடத்தை எடுத்தால் வேறு சேதம் வராது என்று தெரிய வேண்டும். தோட்ட லயத்தில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று எங்கள் பகுதி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு காம்பிராவில் பிடித்த தீ கூரை வழியாக ஓடி முழு லயத்தையும் பிடித்துக்கொள்கிறது. தூரத்திலிருந்து ஓடி வருபவருக்கு லயம் முழுவதும் எரிவதுதான் தெரியும். எந்தக் காம்பிராவில் தொடங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கைகால் அடித்து, வாயில் நுரை தள்ளும் வலிப்பு முழு லயமும் எரிகிற நேரம். வைத்தியர்கள் தேடுவது முதல் காம்பிராவை.

முதல் பரிசோதனைக்கு இயந்திரம் கிடையாது. கேள்விகள்தான். வலிப்பு வருமுன் உங்களுக்கு ஏதாவது தெரியுமா? வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ மேலே ஏறுகிறதா? இல்லாத வாசனை மணக்கிறதா? இதெல்லாம் நோயாளியிடம். அடுத்தவை பார்த்தவரிடம். கண் எந்தப் பக்கம் திரும்பியது? வாய் எதையாவது மெல்லுவது போல அசைந்ததா? எந்தக் கை விறைத்தது? எந்தக் கை உடுப்பைப் பிசைந்தது? முடிந்த பின் எவ்வளவு நேரம் பேச்சு வரவில்லை? மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் இயக்குகிறது என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். ஆகவே "இடக்கைதான் முதலில் கோணியது" என்று ஓர் உம்மா சொல்லும் ஒரு வசனம், மூளையின் வலப்பக்கத்தைப் பார் என்று வைத்தியருக்கு வழிகாட்டுகிறது. இலட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரங்கள் பிறகு தேடப்போவதும் இந்த வசனம் சொன்ன இடத்தைத்தான்.

இந்த வசனத்தை நாம் சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பது எங்கள் உறவிலேயே எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு ராத்தாவுக்குப் பதினொரு வயதிலிருந்து வலிப்பு. இப்போது இருபத்திரண்டு. அவருக்கு வரப்போவது வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். "வயித்துக்குள்ள இருந்து என்னமோ மேல வருது" என்பார். பிறகு ஓரிடத்தையே வெறித்துப் பார்ப்பார். வாய் மெல்லும். வலக்கை சோலின் முனையைப் பிசைந்துகொண்டே இருக்கும், இடக்கை விறைத்துக் கோணும். சில வேளை அதோடு நிற்கும், சில வேளை விழுவார். இவ்வளவையும் அவருடைய தம்பி, பத்து வயதுப் பையன், நடித்தே காட்டுவான். ஆனால் கிளினிக்கில் பெரியவர்கள் சொன்னது: "சிலநேரம் தலைசுத்தி விழுவா டொக்டர்." அவ்வளவுதான். வலிப்பு என்று கொப்பியில் எழுதிவிட்டால், ஊராரில் யாராவது அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டால், கலியாணம் பேச வருபவர்கள் கேள்விப்பட்டால் என்ற பயம். மயக்கம் என்று சொன்னால் மயக்கத்துக்குத்தான் மருந்து தருவார்கள். இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார்கள். இப்படி எத்தனை வருடம் போனது தெரியுமா? நான்கு.

அவர்களை நான் திட்டப் போவதில்லை. பயம் வீணானதும் அல்ல. இந்தியாவில் வலிப்பு நோய் ஒரு திருமணத்தையே இரத்துச் செய்யும் காரணமாக இந்துத் திருமணச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1999 இல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்தில் நீங்கியது மனங்களில் எப்போது நீங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆண்பிள்ளைக்கு வலிப்பென்றால் "குடும்பத்தில் ஒரு கஷ்டம்" என்பவர்கள், பெண்பிள்ளைக்கு என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மறைத்துக் கலியாணம் முடித்துக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டில் குளிசையைக் காட்ட முடியாமல் நிறுத்திவிட்டு, அடுப்பங்கரையில் விழுந்தவர்களைப் பற்றி எங்கள் பகுதிப் பெண்கள் மெதுவாகப் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். சில வலிப்பு மருந்துகள் கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக் கூடியவை, கலியாணத்துக்கு முன்பே வைத்தியர் அவற்றை மாற்றித் தர வேண்டும் என்பதாவது இந்த மறைப்பவர்களுக்குத் தெரியுமா?

இதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைப்பவர்களும் இருக்கிறார்கள். "பொம்புளப் பிள்ளைட குறைய வெளிய சொல்லப்படா" என்பார்கள். அவர்களுக்கு ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு பெண்மணியை நினைவூட்ட விரும்புகிறேன். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் சுவர்க்கத்துப் பெண் என்று காட்டிய அந்தக் கறுப்பினப் பெண்மணிக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து, தனக்கு வலிப்பு வருகிறது, அப்போது தன் ஆடை விலகிவிடுகிறது, தனக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்று கேட்டார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணத்துக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று நபியவர்கள் சொன்னபோது அவர் பொறுமையைத் தெரிவு செய்தார். ஆனால் ஆடை விலகாதிருக்கவாவது பிரார்த்திக்கும்படி வேண்டினார். நபியவர்கள் பிரார்த்தித்தார்கள்.

இந்த ஹதீஸை நோயைப் பொறுத்துக்கொள்வதற்கு ஆதாரமாகவே எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பெண்மணி தனது நோயை மறைக்கவில்லை. என்ன வருகிறது, வந்தால் என்ன நடக்கிறது என்று வாய் திறந்து சொன்னார். அவர் மறைக்க விரும்பியது தன் உடலை மட்டும்தான். நாமோ உடலை மறைப்பதையும் நோயை மறைப்பதையும் ஒன்றாக்கிக்கொண்டு, இரண்டுக்கும் வெட்கம் என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்திருக்கிறான் என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மார்க்கம் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம்.

எங்கள் ராத்தாவின் விஷயத்தில் கதவைத் திறந்தது ஒரு கைத்தொலைபேசி. ஒருநாள் வலிப்பு வந்தபோது அந்தத் தம்பி அதைப் படம்பிடித்துவிட்டான். முதலில் அவனுக்கு அடி கிடைத்தது. அடுத்த கிளினிக்குக்கு, சிங்களம் பேச ஆள் தேவையென்று என்னையும் கூட்டிப்போனார்கள். ராத்தாவின் வாப்பா ஒன்றும் பேசாமல் ஃபோனை மேசையில் வைத்தார். வைத்தியர் அந்த ஒன்றரை நிமிடத்தை மூன்று தடவை பார்த்தார். பிறகு கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல, ராத்தாவே குறுக்கிட்டுத் திருத்தினார். மருந்து மாறியது, அது போதாமல் இன்னொன்று சேர்ந்தது, அதுவும் போதாமல் கொழும்புக்குக் கடிதம் எழுதப்பட்டது.

ஆகவே பெற்றோரிடம் என் முதலாவது வேண்டுகோள்: வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியும் இரும்பும் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் படம்பிடிக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். உடுப்பு விலகினால் ஒரு துணியைப் போர்த்திவிட்டு எடுக்கலாம். அந்தப் படம் வைத்தியருக்கு மட்டும். குடும்ப வட்ஸ்அப் குழுமத்துக்கு அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எல்லோருக்கும் விளங்கும்.

அடுத்தது ஈ.ஈ.ஜி. ஜேர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர் 1924 இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்தார். இன்றும் அடிப்படை அதுவே. தலையில் இருபது இடங்களளவில் சிறு தகடுகளை ஒட்டி, மூளை தானாக உண்டாக்கும் மிக நுண்ணிய மின்னைப் படிக்கிறார்கள். "தலைக்குக் கரண்ட் கொடுக்கிறது" என்று எங்கள் பக்கத்தில் சொல்வது முழுப் பொய். ஒரு துளி மின்சாரமும் உள்ளே போவதில்லை, நோவும் இல்லை. ஒரேயொரு தொல்லை, தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. பரிசோதனைக்குப் போகிறாள் என்று மூத்தம்மா அன்பாகத் தேங்காயெண்ணெய் தடவி, இறுகப் பின்னி அனுப்பினால் தகடு ஒட்டாது. முதல்நாள் கழுவி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். சிலருக்கு முதல் இரவு குறைவாகத் தூங்கச் சொல்வார்கள். தெரணியகலையிலிருந்து விடிய முன் பஸ் ஏறி அவிசாவளையில் மாறிக் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை! அரை மணித்தியால ஈ.ஈ.ஜி யில் ஒன்றும் தெரியாவிட்டால் வலிப்பு இல்லை என்று அர்த்தமல்ல. தீப்பிடிக்காத நேரத்தில் லயத்தைப் பார்த்துவிட்டு வந்தது போலத்தான் அது.

எம்.ஆர்.ஐ என்பது காந்தத்தால் எடுக்கும் படம். கதிர்வீச்சு இல்லை. குழாய்க்குள் அரை மணி, முக்கால் மணி அசையாமல் படுக்க வேண்டும். தகரக் கூரையில் கல்மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். வலிப்புக்கென எடுக்கும் படம், சாதாரணத் தலைப் படத்தைவிட மெல்லிய மெல்லிய துண்டங்களாக எடுக்கப்படுகிறது. ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸ் என்ற பகுதி ஒரு பக்கம் சுருங்கித் தழும்பாகிவிட்டதா என்று அதில் பார்ப்பார்கள். நம் பெண்கள் கவனிக்க வேண்டியது ஸ்காஃபில் குத்தும் ஊசிகள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊசியில்லாமல் போடக்கூடிய, உலோகம் எதுவுமில்லாத தொப்பி போன்ற ஸ்காஃப் ஒன்றைக் கொண்டுபோய், அதோடு படுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பலர் பின்வாங்கும் இடம் வீடியோ ஈ.ஈ.ஜி. நோயாளியை வைத்தியசாலையில் சில நாட்கள் தங்கவைத்து, தலையில் தகடுகளோடு, இரவும் பகலும் கெமராவின் முன் வைத்திருப்பார்கள். வைத்தியர்களின் கண்காணிப்பில் மருந்தைக் குறைப்பார்கள், வலிப்பு வருவதற்காகவே! பதினொரு வருடமாக வரக் கூடாதென்று துஆ செய்த ஒன்றை, வா என்று காத்திருக்கும் நாட்கள் அவை. ஒன்று வந்தால் போதாது. பல தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் சிலருக்கு, வந்துகொண்டிருந்தது வலிப்பே அல்ல, மன அழுத்தத்தால் வரும் வேறொரு நிலை என்றும் தெரியவருகிறது. அப்படியானவர்கள் வருடக்கணக்கில் குடித்த மருந்து வீணானது. அவர்களுக்குத் தேவை வேறு சிகிச்சை. அதைக் கண்டுபிடிப்பதும் இந்தப் பரிசோதனையின் ஒரு வெற்றிதான்.

எங்கள் ராத்தா இதற்குத்தான் மாட்டேன் என்றார். ஊசிக்கோ இயந்திரத்துக்கோ அவர் பயப்படவில்லை. தலைமுடி தெரிய, நினைவில்லாமல், என்ன செய்கிறோம் என்று தெரியாத ஒரு நிலையில் தன்னைப் படம்பிடித்து அந்நியர்கள் பார்ப்பார்கள் என்பதே அவருடைய கவலை. ஹதீஸில் வரும் அந்தப் பெண்மணியின் அதே கவலை! இதைப் பட்டிக்காட்டு வெட்கம் என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இது கேட்க வேண்டிய கேள்வி, கேட்டால் பதில் கிடைக்கும் கேள்வி. தகடு ஒட்டுபவர் பெண்ணாக இருக்க முடியுமா? தகடுகளின் மேல் சுற்றும் துணிக்கு மேலாகத் தளர்வாக ஒரு ஸ்காஃப் போட முடியுமா? முகமும் கைகளும் தெரிந்தால் போதுமா? உம்மா பக்கத்தில் இருந்து, ஆடை விலகினால் சரிசெய்யலாமா? படம் யாரிடம் இருக்கும், யார் பார்ப்பார்கள்? இவற்றை முதல்நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். வைத்தியசாலைகளும் நோயாளி கேட்கும் வரை காத்திருக்காமல் இவற்றைத் தாங்களே சொல்லிவிட்டால், மாட்டேன் என்று வீட்டிலிருப்பவர்களில் பலர் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் அது பரீட்சை மாதிரி. ஒரு சொற்பட்டியலை வாசித்துக் காட்டுவார்கள். அரை மணி கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு கதையைச் சொல்லி நினைவிருப்பதைக் கேட்பார்கள். படங்களுக்குப் பெயர் சொல்லச் சொல்வார்கள். ஒரு படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, பிறகு பார்க்காமல் வரைய வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையே பதில். 1953 இல் அவருக்கு 27 வயது. கடுமையான வலிப்பைக் குறைப்பதற்காக மூளையின் இரண்டு பக்கங்களிலும் ஹிப்போகம்பஸ் பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008 இல் இறக்கும் வரை அவரால் புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியவில்லை. காலையில் சந்தித்தவரை மாலையில் தெரியாது. ஞாபகம் எங்கே தங்கியிருக்கிறது என்று அன்றைய வைத்தியர்களுக்குத் தெரியாது. அவரைப் பல வருடங்கள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி மூலமாகத்தான் உலகம் அதைக் கற்றுக்கொண்டது. இன்று எந்தப் பக்கம் பேச்சுக்கு, எந்தப் பக்கம் ஞாபகத்துக்கு என்று பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. ஜப்பானில் பிறந்த ஜூன் வாடா என்ற வைத்தியர் கண்டுபிடித்த ஒரு முறையில், மருந்தால் மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடங்கள் தூங்கவைத்து, விழித்திருக்கும் மறுபாதியால் பேச முடிகிறதா, ஞாபகம் வைக்க முடிகிறதா என்று கேட்டுப் பார்த்தார்கள். இப்போது பல இடங்களில் ஒரு விசேட எம்.ஆர்.ஐ அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. ஞாபகச் சோதனை நோயாளியின் சொந்த மொழியில் நடக்க வேண்டும். நூரி, மாலிபொட பக்கத் தோட்டத்தில் பிறந்து தமிழ் மட்டுமே பேசும் ஒரு கொழுந்தெடுக்கும் அக்காவிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பத்துச் சொற்களைச் சொல்லி, அவற்றில் மூன்றுதான் ஞாபகமிருக்கிறது என்று எழுதினால் அது எதைக் காட்டும்? மூளையின் பலவீனத்தையா, பாஷையின் இடைவெளியையா? அந்தத் தாளை வைத்து ஒருவருடைய மூளையில் எங்கே வெட்டலாம் என்று தீர்மானிப்பதென்றால்? முதற் பரிசோதனையான கேள்விகளிலும் இதே சிக்கல்தான். "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்பதை நான் சிங்களத்தில் சொன்னபோது அது நெஞ்சுவலி ஆகிவிடப் பார்த்தது. ராத்தா குறுக்கிட்டதால் தப்பியது. தமிழ் தெரிந்த உளவியலாளர்களும் தாதிமாரும் போதாத நாட்டில், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நாங்கள் எல்லோரும் வைத்தியராக மட்டுமே கனவு காண்கிறோம். ஈ.ஈ.ஜி இயந்திரத்தின் முன் உட்கார்ந்து அதை வாசிக்கும் ஒரு தொழில் இருக்கிறது, ஞாபகச் சோதனையை நடத்தும் ஒரு தொழில் இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. ஸ்காஃபை அவிழ்க்கத் தயங்கும் ஒரு பெண்ணின் தலையில் தகடு ஒட்ட ஒரு பெண் வேண்டும் என்று கேட்கும் சமூகம், அந்தப் பெண்ணை எங்கிருந்து எதிர்பார்க்கிறது? அவள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

"இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை, நம்மால் ஆகுமா?" என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி என்ற சத்திர சிகிச்சை நிபுணர் 1952 இலேயே வலிப்புக்குச் சத்திர சிகிச்சை செய்திருக்கிறார். எம்.ஆர்.ஐ என்ற பெயரே இல்லாத காலம் அது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 மார்ச்சில் இதைத் தொடங்கியது. அங்கே வைத்தியர் ராதாகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் காட்டிய வழி எனக்குப் பெரிதாகப் படுகிறது. உலகில் உள்ள எல்லாப் பரிசோதனையையும் எல்லோருக்கும் செய்ய அவர்கள் காத்திருக்கவில்லை. நோயின் கதை, எம்.ஆர்.ஐ, வீடியோ ஈ.ஈ.ஜி ஆகிய மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டும் நோயாளிகளை முதலில் தெரிவு செய்தார்கள். பெற் ஸ்கேன், மண்டையோட்டுக்குள் கம்பி செலுத்திப் பதிதல் போன்ற செலவு கூடியவை, மூன்றும் ஒத்துப்போகாத சிக்கலானவர்களுக்கு மட்டும். மூன்று சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே ஆளைக் காட்டினால் நான்காவது சாட்சிக்கு அலைய வேண்டுமா? நம் நாட்டிலும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் வலிப்பு நோய்க்கென்றே தனி நிலையம் ஒன்று இருக்கிறது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியோடு கட்டப்பட்டது. அரச வைத்தியசாலை ஆகையால் கட்டணமில்லை. பஸ் காசும், நாட்கூலியை இழப்பதும், காத்திருப்பும்தான் ஏழைகள் கொடுக்கும் விலை. அந்த விலையும் சிறியதல்ல என்று தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்த பின் நரம்பியல் வைத்தியர், சத்திர சிகிச்சை நிபுணர், படங்களை வாசிப்பவர், உளவியலாளர் எல்லோரும் ஒரு மேசையில் கூடித் தீர்மானிப்பார்கள். சிலருக்கு "முடியாது" என்ற பதில் வரும். தீ பல காம்பிராக்களில் தொடங்குகிறது, அல்லது பேச்சுக்குரிய இடத்திலேயே தொடங்குகிறது. பிறகென்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருந்தை ஒழுங்குபடுத்தவும், விசேட உணவு முறை, கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி போன்றவற்றைப் பார்க்கவும் வழியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு என்ன நோய், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாழ்வது, பேய், கண்ணூறு, செய்வினை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவதைவிட மேலானதல்லவா?

ராத்தாவின் எம்.ஆர்.ஐ முடிந்துவிட்டது. வலப்பக்கம் சுருங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். தம்பி நடித்துக் காட்டியதும் அதே பக்கத்தைத்தான். வீடியோ ஈ.ஈ.ஜி க்குத் திகதி அடுத்த தவணை விடுமுறையில். போவதா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒரு தாள் கேட்டார், கேள்விகளை எழுதுவதற்கு. முதல் கேள்வியைத் தானே சிங்களத்தில் கேட்கப் போவதாகச் சொல்லி, அந்த வசனத்தை இரண்டு தடவை என்னிடம் சொல்லிப் பார்த்தார்.